கேப்டன்... கொஞ்சம் பேசுங்க!

'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டை கட்டிய ஒரு டிரெய்னர், ஏ.சி. செமினார் ஹால், எட்டுப் பேர் வட்டமா உட்கார்ந்து ஒருத்தர் வாயை இன்னொருத்தர் அடைக்கிற குரூப் டிஸ்கஷன்... கரெக்டா? இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கும் அதுதான் வரும். பிளேஸ்மென்ட் நெருங்க நெருங்க, 'கம்யூனிகேஷன் இல்லேன்னா நீ காலி' என்று பயமுறுத்தாத ஆளே காலேஜில் இல்லை. அந்தப் பயத்துல பாதிப் பேர் அதை 'இங்கிலீஷ்' என்றே அர்த்தம் பண்ணி வெச்சிருக்கோம்.

இந்த வாரம் அந்த மேட்டரை செமினார் ஹாலிலிருந்து கிளப்பி, கிரவுண்டுப் பக்கம் இழுத்துட்டுப் போகலாம்னு பார்க்கிறேன். ஒரு டீமுக்கு கேப்டன் என்றால் நல்லா ஆடத் தெரிஞ்சா போதுமா, பேசவும் தெரியணுமா? 'அதான் தெரியுமே... தோனி!' என்று ஆரம்பிக்காதீங்க. தோனியைப் பற்றி எழுதாத பேப்பர் இல்லை, பேசாத டீக்கடை இல்லை. அவரைக் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்க விடுவோம்.

முதல்ல ஒரு விஷயம். கேப்டன் பேசணும் என்பது யாரோ மோட்டிவேஷன் ஸ்பீக்கர் சொன்ன அட்வைஸ் இல்லீங்க, ரூல் புக்கிலேயே இருக்கு. வாலிபால் ஆடுற எல்லாருக்கும் இது தெரியும். ஒரு பாயின்ட்டில் சந்தேகம் வந்தா, ரெஃப்ரியிடம் போய் விளக்கம் கேட்க களத்தில் நிற்கிற கேப்டனுக்கு மட்டும்தான் உரிமை. மத்த அஞ்சு பேரும் தொண்டை கிழியக் கத்தினாலும் அது கணக்கில் வராது. ரொம்பக் கத்தினா கார்டுதான் வரும். ஃபுட்பாலில் 2024 யூரோ கோப்பையில் இதையே கறாரா கொண்டு வந்தார்கள். ஏதாவது சர்ச்சை என்றால் கேப்டன் மட்டும் ரெஃப்ரி பக்கத்தில் போகலாம், மத்தவங்க தள்ளி நில்லுங்க என்று. பதினோரு பேர் சேர்ந்து ஒரு மனுஷனை மொய்க்கிறதை டி.வி.யில் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போயிருந்த நமக்கு, அது நிம்மதி.

ஆக, கேப்டன் என்பவர் டீமோட வாய். அந்த வாய்க்கு பாஷை தெரியலைன்னா என்ன ஆகும்?

1966 உலகக் கோப்பை ஃபுட்பால். லண்டன் வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் கால் இறுதி. அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ராட்டின். ரெஃப்ரி, மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் கிரைட்லைன். ராட்டினுக்குத் தெரிந்தது ஸ்பானிஷ், ரெஃப்ரிக்கு அது சுத்தமா தெரியாது. முதல் பாதியிலேயே ராட்டினை 'வெளியே போ' என்று அனுப்பிவிட்டார் ரெஃப்ரி. ராட்டினோ, தனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அதைத்தான் கேட்டேன் என்கிறார். போக மறுத்து நின்றதில் ஏழெட்டு நிமிஷம் ஆட்டமே நின்றுபோச்சு. அந்த உலகக் கோப்பையில் ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் என்பவர் இதைப் பார்த்து மண்டையைக் குடைந்துகொண்டே காரில் போகும்போது, டிராஃபிக் சிக்னல் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியிருக்கிறது. பளிச்! எந்த ஊர்க்காரனுக்கும் புரிகிற பாஷை, கலர்தானே? 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் மஞ்சள் கார்டும் சிவப்பு கார்டும் வந்தது இப்படித்தான். இன்னிக்கு உங்க காலேஜ் டோர்னமென்ட் வரைக்கும் ரெஃப்ரி பாக்கெட்டில் இருக்கிற அந்த ரெண்டு அட்டையும், ஒரு கேப்டனும் ஒரு ரெஃப்ரியும் பேசிப் புரிந்துகொள்ள முடியாமல் போனதால் பிறந்த குழந்தைகள்!

கேப்டன் டீம்கிட்ட பேசுறது ஒரு பக்கம். கேப்டன்கிட்ட மேலே இருக்கிறவங்க பேசணுமே, அது? நம்ம சென்னை வெங்கட்ராகவன் கதையைக் கேளுங்க. கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் ப்ராடக்ட் பாஸ் அவர், நம்ம ஜாதி! 1975, 1979 ரெண்டு உலகக் கோப்பைக்கும் இந்தியாவுக்கு அவர்தான் கேப்டன். 1979ல் உலகக் கோப்பை சொதப்பல். தொடர்ந்து இங்கிலாந்தோடு நடந்த டெஸ்ட் தொடரும் 0-1 என்று போச்சு. ஆனாலும் ஓவலில் நடந்த கடைசி டெஸ்ட்டில் கவாஸ்கர் 221 அடித்து, 438 ரன் டார்கெட்டை 429 வரை விரட்டிய மேட்ச் அந்த டூரில்தான். டீம் ஊருக்குத் திரும்புகிறது. நடுவானில், விமானத்தின் மைக்கில் ஒரு அறிவிப்பு: புது கேப்டனாகத் தேர்வாகியிருக்கும் கவாஸ்கருக்கு வாழ்த்துகள்! பழைய கேப்டன் அதே விமானத்தில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு விஷயமே அப்பதான் தெரியும் என்பார்கள். ஒரு மனுஷனைத் தூக்குறது வேற, தூக்கினதை அவனுக்குச் சொல்ற விதம் வேற இல்லையா? வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து 'ரிமூவ்' பண்ணி விஷயத்தைத் தெரியப்படுத்துகிற நம்ம டிபார்ட்மென்ட் டீம்களுக்கு அந்த விமானம்தான் முன்னோடி.

இதுக்கு நேர் எதிரா ஒரு கேப்டன், ஆரணிக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி கேப்டன். அந்த டீம் லிஸ்ட்டைக் கொஞ்சம் வாசித்துப் பாருங்க. வாரணாசி முகமது ஷாகித், ஜாஃபர் இக்பால், இன்றைய ஜார்க்கண்டைச் சேர்ந்த சில்வானஸ் டுங் டுங், குடகுக்காரர் சோமய்யா, மெர்வின் ஃபெர்னாண்டிஸ், பீர் பகதூர் சேத்ரி, சுரிந்தர் சிங் சோதி... இந்தியாவின் ரூபாய் நோட்டில் இருக்கிற பாஷை எல்லாம் அந்த டிரெஸ்ஸிங் ரூமில் இருந்திருக்கும்போல! பெரும்பாலானவங்க ஒலிம்பிக்குக்கே புதுசு. ஃபைனலில் ஸ்பெயினுக்கு எதிரா 3-0 என்று முன்னால் நிற்கிறார்கள்; ஸ்பெயின் விரட்டி விரட்டி வந்து ஸ்கோரை 4-3ல் கொண்டு நிறுத்துகிறது. அந்தக் கடைசி நிமிஷங்களில் டீம் சிதறவில்லை. இந்தியாவுக்கு ஹாக்கியில் எட்டாவது ஒலிம்பிக் தங்கம் அது. அதற்குப் பிறகு இன்னும் ஒன்பதாவது வரவில்லை. வடக்கத்தி ஆட்டக்காரர்கள் நிறைந்த டீமை ஆரணியிலிருந்து போன ஒருத்தர் எந்தப் பாஷையில் கட்டி நிறுத்தினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இலக்கணம் பார்த்திருக்க மாட்டார், அது மட்டும் நிச்சயம்.

சரி, கபடிக்கு வருவோம். உண்மையைச் சொன்னா இதுக்காகத்தான் இவ்வளவு நேரம் சுத்தினேன்.

உலகத்திலேயே பேசினால்தான் ஆட முடியும் என்கிற விளையாட்டு, கபடி. ரெய்டு போறவன் 'கபடி கபடி'ன்னு பாடிக்கிட்டே இருக்கணும். பாட்டு நின்னா அவுட். 30 விநாடி அவன் வாய்க்கு ஓய்வே இல்லை. வேடிக்கை என்னன்னா, அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேற எதுவும் அவன் பேச முடியாது! எதிரில் நிற்கிற ஏழு பேருக்கும் வேற பிரச்னை. பேசலாம், ஆனா பேசினா ரெய்டருக்குக் கேட்டுடும். 'டேய், கால் போடு'ன்னு கத்தினா, காலைப் போடுறதுக்குள்ள அவன் கோட்டைத் தாண்டிடுவான். அதனால கபடி டிஃபென்ஸ் கையால் பேசும். கார்னர்ல நிக்கிறவனும் பக்கத்தில் 'இன்'ல நிக்கிறவனும் கையைக் கோத்து நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. செயின் என்று பேர். அது பார்க்க அழகா இருக்கணும்னு கோக்கிறது இல்லீங்க. எங்க டீமில் கையை ஒரு அழுத்து அழுத்தினா 'இரு', ரெண்டு அழுத்துன்னா 'போ'. மூஞ்சியில் ஒரு அசைவு இருக்காது. கண் ரெய்டரோட இடுப்பிலேயே இருக்கும். ஒவ்வொரு டீமுக்கும் இந்த டெலிபோன் டைரக்டரி வேற வேற.

அமெரிக்காவில் இதே கதை தலைகீழா நடந்திருக்கிறது. வாஷிங்டனில் காது கேளாதவர்கள் படிக்கும் கேலாடெட் கல்லூரி. 1890களில் அவங்க அமெரிக்கன் ஃபுட்பால் டீம் சைகையில்தான் பிளான் பேசும். எதிர் டீமும் காது கேளாதவர்கள் டீமாக இருந்தா, பிளான் மொத்தமும் தூரத்திலிருந்தே படிச்சிடுவாங்க. பால் ஹப்பர்ட் என்ற ஆட்டக்காரர் பார்த்தார். எல்லாரும் தோளோட தோள் சேர்ந்து ஒரு வட்டமா குனிஞ்சு நில்லுங்கடான்னு, நடுவில் வெச்சு சைகை காட்டினார். இன்னிக்கு எல்லா டீமும் மேட்ச்சுக்கு முன்னாடி போடுற அந்த 'ஹடில்' அங்கேயிருந்து வந்ததுதான் என்கிறார்கள். காது கேட்காத பசங்க, காது கேட்கிற உலகத்துக்கே பேசக் கத்துக்கொடுத்த இடம் அது.

கபடியில் நம்ம ஊர் கேப்டன் யாருன்னு கேட்டா நான் சேரலாதனைத்தான் சொல்வேன். தஞ்சாவூர்ப் பக்கம் திருச்சனம்பூண்டி. 2016ல் பாட்னா பைரேட்ஸ் டீமுக்கு கேப்டனா இருந்து புரோ கபடி கோப்பை வாங்கியவர். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய டீமிலும் இருந்தவர். அப்ப அவருக்கு வயசு 40ஐத் தாண்டியாச்சு! பீகார் பேர் வெச்ச டீம், அரியானா பசங்க, தமிழ்நாட்டு கேப்டன். எல்லாரும் அவரைக் கூப்பிட்டது 'அண்ணா'. இந்தி கமென்ட்டரியில்கூட 'அண்ணா'தான். ஒரு வார்த்தை பாருங்க... 'கேப்டன்'னு கூப்பிட்டா உத்தரவுக்குக் காத்து நிக்கணும். 'அண்ணா'ன்னு கூப்பிட்டா சண்டைகூடப் போடலாம்.

எங்க டீம் கேப்டனையும் நாங்க அண்ணான்னுதான் கூப்பிடுவோம்.

எங்க டீம்னா, கள்ளக்குறிச்சி கருணாபுரம். எனக்கு வீடு நாலு தெரு தள்ளி. சனி ஞாயிறு ஹாஸ்டலிலிருந்து ஓடி வந்து ஆடுவேன். 'இரவு மின்னொளி கபடிப் போட்டி' என்று ஃபிளெக்ஸ் கட்டுற ஊரா பார்த்து, சின்ன சேலம், சங்கராபுரம், தியாகதுருகம்னு சுத்துற சாதாரண டீம். அண்ணாவுக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. எட்டாவதோட படிப்பு நின்னது. அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் ரெய்டு, போனஸ், சூப்பர் டேக்கிள், டைம் அவுட். அவ்வளவுதான். பட்டறை சத்தத்திலேயே வாழ்ந்ததால காதும் கொஞ்சம் மந்தம். ஆனா நான் பார்த்த பெஸ்ட் கம்யூனிகேட்டர் அவர்தான்னு எந்த இன்டர்வியூவிலும் சொல்லத் தயார்.

கல்வராயன் மலை, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் ரெய்டரா சேர்ந்தான். காலு சும்மா மின்னல். ஆனா யார் கத்தினாலும் சுருங்கிடுவான். டவுன் பசங்க பேச்சில் பாதி கிண்டல்னு அவனுக்கு ஒரு நினைப்பு. அது தப்பும் இல்லை. அண்ணா அவனுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கிறதையே நிறுத்தினார். ரெய்டு முடிஞ்சு வந்ததும் அவன்கிட்ட போய், 'அந்த கார்னர் பையன் எப்படிடா நிக்கிறான், எந்தக் கால் முன்னால வெக்கிறான்?'னு கேட்பார். கேள்விதான். அவன் பதில் சொல்லுவான். ரெண்டு மாசத்துல எதிர் டீம்ல யாருக்கு முழங்கால் வலி என்கிற வரைக்கும் அவன்தான் எங்களுக்குச் சொன்னான்.

கருணாபுரம் என்ற பேரைப் படிச்சதும் உங்களுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்திருக்கும். வரட்டும், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. 2024 ஜூன். மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அதிகமாப் பறிகொடுத்தது கருணாபுரம். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரின்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஆம்புலன்ஸ் ஓடுச்சு. ஒரே தெருவில் பந்தலுக்குப் பக்கத்தில் பந்தல். அந்த வாரம் எங்க தெருக்களில் இருந்த மைக்குகளை எண்ண முடியாது. வீட்டுக்கு வீடு, 'எப்படி இருக்கு உங்களுக்கு?'ன்னு கேட்டாங்க. எனக்கும் பத்திரிகையில் எழுதுற ஆசை உண்டு. அந்தக் கேள்வியை மட்டும் வாழ்க்கையில் யார்கிட்டயும் கேட்கக் கூடாதுன்னு அப்ப நினைச்சேன்.

எங்க டீம்ல லெஃப்ட் இன் ஆடுற தம்பியோட அப்பா போயிட்டார். அவன் பிளஸ் டூ அப்ப. காரியம் முடிஞ்சதும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கிரவுண்டு பக்கம் வரவே இல்லை. நாங்க போன் பண்ணோம், எடுக்கலை. 'ஸ்ட்ராங்கா இருடா மச்சி'ன்னு மெசேஜ் போட்டோம், ப்ளூ டிக் மட்டும் வந்தது. அண்ணா போன் பண்ணலை. மெசேஜும் இல்லை. தினமும் பட்டறை முடிஞ்சு அவங்க வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார். அவங்க பாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு, தண்ணி குடிச்சிட்டு எழுந்து வந்திடுவார். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே.

பிராக்டிஸ் மறுபடி ஆரம்பிச்சப்போ, லெஃப்ட் இன்ல வேற ஆளைப் போடலாமான்னு கேட்டோம். வெளியே ரெண்டு பேர் ரெடியா நின்னாங்க. அண்ணா போடலை. ஆறு பேரா ஆடுனோம். லெஃப்ட் கார்னர் நான். செயின்ல என் கைக்குப் பக்கத்துக் கை கிடையாது. ரெய்டர் வந்தா கை தானா நீளும், காத்தைப் பிடிச்சிட்டுத் திரும்பி வரும். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அந்தப் பக்கம் திறந்த வாசல் மாதிரி புகுந்து புகுந்து போனாங்க. இந்த விஷயம் எப்படியும் தம்பி காதுக்குப் போகும்னு அண்ணாவுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் எது போகாது? மூணாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் கடை யூனிஃபார்மோடவே வந்து நின்னான். யாரும் ஒண்ணும் கேட்கலை. அண்ணா மட்டும், 'சட்டையைக் கழட்டிட்டு வாடா, கிழிஞ்சா கடைக்காரன் காசு பிடிப்பான்'னார். என் கையில் கை வந்துச்சு. ஒரு அழுத்து.

அதுக்கு அப்புறம் வந்த ஒரு நாக் அவுட் போட்டியில்தான் பெரிய சோதனை. எந்த ஊர், எந்த டீம்னு எழுத மாட்டேன். ஆட்டம் முடிய நாலு நிமிஷம். நாங்க ஒரு பாயின்ட் பின்னால. தம்பி ஒருத்தன் காலைப் பிடிச்சு இழுத்துப் போட்டான். எழுந்திரிச்ச அந்த ரெய்டர், போற போக்குல எங்க ஊர் பேரையும் சாராயத்தையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான். எங்க ஏழு பேருக்கும் ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. வெளியே உட்கார்ந்திருந்தவன் கையில் கல். இன்னும் பத்து விநாடி போயிருந்தா மறுநாள் பேப்பரில் எங்க ஊர் பேர் மறுபடி வந்திருக்கும்.

அண்ணா ரெண்டு கையையும் 'T' மாதிரி காட்டி டைம் அவுட் கேட்டார். 30 விநாடி. ரெஃப்ரிகிட்ட நடந்து போனார், ஓடலை. 'சார், அந்தப் பையன் பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சான்னு தெரியல. எங்களுக்குக் கேட்டுச்சு. நாங்க ஆடத்தான் வந்தோம்.' மூணே வாக்கியம். கைகூட நீட்டலை. அப்புறம் எங்களை வட்டமா இழுத்துப் போட்டுக்கிட்டார். வீரம், மானம்னு ஏதோ டயலாக் வரும்னு எதிர்பார்த்தேன். வரலை. 'அவனுக்கு மூச்சு வாங்குது. அடுத்த ரெய்டு அவன்தான் வருவான், கோவத்துல வருவான். போனஸ் எடுக்கட்டும், விடுங்க. திரும்பும்போது இடது பக்கம்தான் திரும்புவான். அங்க பிடிங்க.' சொல்லிட்டு தம்பி பக்கம் திரும்பினார்: 'நீ பிடிக்க வேணாம். அவன் கை உன் மேல படாம நில்லு, போதும்.'

அதை நான் அப்புறம் ரொம்ப நாள் யோசிச்சேன். அந்த நிமிஷம் தம்பி அவனைப் பிடிச்சிருந்தா அது கபடியா இருந்திருக்காது. அண்ணா ஆறுதலும் சொல்லலை, அடக்கவும் சொல்லலை. அவன் கைக்கு வேற வேலை கொடுத்துட்டார்.

மேட்ச் என்னாச்சுன்னுதானே கேட்கறீங்க? தோத்துட்டோம் பாஸ், ரெண்டு பாயின்ட்ல. இது சினிமா இல்லையே! ஆனா முடிஞ்சதும் அந்த டீம் கேப்டன் தானா எங்க பக்கம் வந்தார். அண்ணாகிட்ட கை கொடுத்துட்டு, நேரா தம்பிகிட்ட போய், 'எங்க பையன் பேசுனது தப்புப்பா, மனசுல வெச்சுக்காத'ன்னார். அந்த ரெய்டரையும் தோளைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். அவன் ஒண்ணும் சொல்லலை, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அவர் அதை மைக்கிலோ மேடையிலோ செய்யலை, லைட்டு அணைச்ச பிறகு செஞ்சார். அவரும் கேப்டன்தான்.

டீமுக்காக மேலிடத்தில் பேசறது மட்டும் இன்னும் கஷ்டமான பேப்பர். புனே கட்கியில் பிறந்த தமிழர் தன்ராஜ் பிள்ளை 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஹாக்கி கேப்டன். தென் கொரியாவை ஷூட் அவுட்டில் ஜெயிச்சுத் தங்கம் வாங்கினாங்க. ஊருக்கு வந்த கையோடு அவரையும் இன்னும் சிலரையும் டீமிலிருந்து தூக்கினாங்க. 'ரெஸ்ட்' என்று காரணம். ஆட்டக்காரர்களுக்கு ஒழுங்கா பணம் வரலைன்னு வாய் திறந்ததுக்கான தண்டனை அதுன்னுதான் நாடே பேசிச்சு. பேசத் தெரிஞ்ச கேப்டனுக்கு எல்லா நேரமும் கைத்தட்டல் கிடைக்காது. எங்க அண்ணாவும் கிரவுண்டுக்கு லைட்டு கேட்டு மனு எழுதி எழுதி அலைஞ்சுட்டுதான் இருக்கார்; எழுதிக் கொடுக்கிறது நான். 'பெருசா எழுதாதடா, ரெண்டு லைட்டு, ஒரு கம்பம், அவ்வளவு எழுது'ன்னு ஒவ்வொரு தடவையும் நான் எழுதுற முதல் பாராவை அடிச்சுடுவார். அந்த எடிட்டிங்கை இந்தப் பத்திரிகையிலும் அனுபவிச்சுட்டு இருக்கேன்.

அண்ணா அடுத்த மாசம் வேலைக்கு வெளிநாடு கிளம்புறார். போன ஞாயித்துக்கிழமை புது கேப்டனை எல்லாரும் சேர்ந்து கை தூக்கித் தேர்ந்தெடுத்தோம். தம்பிதான். இப்ப பாலிடெக்னிக் படிக்கிறான். அதிகம் பேச மாட்டான். பத்து நிமிஷம் தலையைக் குனிஞ்சு நின்னவன், நிமிர்ந்து முதல் உத்தரவு போட்டான்: "நாளையிலேர்ந்து எல்லாரும் நகம் வெட்டிட்டு வாங்கடா. மோதிரம் போட்டவன் செயினுக்கு வர வேணாம், கை வலிக்குது."

மோதிரம் போடுற ஆள் எங்க டீமில் ஒருத்தன்தான். கழட்டி பர்ஸில் வெச்சாச்சு.